சென்னை – சான் பிரான்சிஸ்கோ: எந்த ஊரில் இறங்கி ஏறுவது?

"சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ 13,900 கிலோமீட்டர், 17 மணி நேரம் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. டிக்கெட் பார்த்தால் ஒன்றில் 23 மணி நேரம், இன்னொன்றில் 27. எது சரி? அப்பாவும் அம்மாவும் முதல் முறையாக வருகிறார்கள். துபாய் வழியா, ஃபிராங்க்ஃபர்ட் வழியா?"

சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் சன்னிவேலில் இருக்கும் ஒரு தஞ்சாவூர்க்காரர் எழுதியது இது. பிப்ரவரி பிறந்தால் இதே கேள்வி நாலு பக்கத்திலிருந்தும் வரத் தொடங்கிவிடும். பேறுகாலத்துக்குப் போகிற அம்மாக்கள், வெயிலுக்குத் தப்பி ஆறு மாதம் இருந்துவிட்டு வர நினைக்கிற ஓய்வுபெற்ற தம்பதிகள், முதல் தடவை ஐ-20 தாளோடு (அமெரிக்கக் கல்லூரி தரும் சேர்க்கைச் சான்று) படிக்கக் கிளம்பும் பிள்ளைகள். எங்கள் மகளும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறாள் என்பதால் நானும் என் மனைவியும் ஐந்து முறை போய் வந்துவிட்டோம். நான்கு வழிகளைச் சொந்தக் காலால் சோதித்தாயிற்று.

முதலில் அந்த 17 மணி நேரக் கணக்கைத் தீர்த்துவிடலாம்.

## நூல் பிடித்துப் பார்த்தால்

வீட்டில் பேத்திக்கு வாங்கிய உலக உருண்டை ஒன்று கிடக்கிறது. பூக்கட்டும் நூலை எடுத்து ஒரு முனையைச் சென்னை மீதும் மறுமுனையை சான் பிரான்சிஸ்கோ மீதும் வைத்து இறுக்கிப் பிடித்தேன். நூல் ஐரோப்பா பக்கமும் போகவில்லை, பசிபிக் நடுவிலும் போகவில்லை. விறுவிறுவென்று வடக்கே ஏறிவிட்டது. வங்கக் கடல் ஓரம், கிழக்கு இமயம், திபெத், மங்கோலியா, சைபீரியா, பேரிங் நீரிணை, அலாஸ்கா, அப்புறம் அமெரிக்காவின் மேற்குக் கரை. அந்த நூலின் நீளம்தான் 13,900 கி.மீ. அதை மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்தால் 17 மணி நேரம் வந்துவிடும். கணக்கில் பிழை இல்லை. அந்தக் கணக்குக்கு விமானம்தான் இல்லை.

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு இடைநில்லா விமானம் கிடையாது. இவ்வளவு தூரம் பறக்க முடியாது என்பதல்ல காரணம். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கி.மீ. தூரத்தை ஒரே மூச்சில் பறக்கிறார்கள். 18 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சென்னையில் அப்படி ஒரு விமானத்தின் பிசினஸ் கிளாஸை நாள்தோறும் நிரப்ப ஆள் கிடைக்காது என்று நினைக்கிறார்கள் போல. தவிர, நூல் போகிற வழியில் திபெத் பீடபூமி குறுக்கே நிற்கிறது. நடுவானில் கேபின் அழுத்தம் போனால் விமானம் உடனே 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தில் தரையே அதைவிட உயரம். அதனால் விமானங்கள் அந்தப் பக்கம் பெரும்பாலும் தலைவைப்பதில்லை.

ஆக, எந்த டிக்கெட் எடுத்தாலும் சுற்றுவழிதான். சுற்று எவ்வளவு என்பதைவிட, பயணத்தை எந்த இடத்தில் இரண்டாக உடைக்கிறோம் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

டிக்கெட் தளங்கள் மொத்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்தும். நான் முதலில் பார்ப்பது, இரண்டு விமானங்களில் நீளமானது எத்தனை மணி நேரம் என்பதை. 4 + 16 என்று உடைவதும் 10 + 11½ என்று உடைவதும் கூட்டலில் கிட்டத்தட்ட ஒன்றுதான். முழங்காலுக்கு ஒன்றல்ல.

அடுத்தது, இடைத்தங்கல். இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பெரியவர்களுக்கு ஓட்டமும் நடையும்தான். மூன்று, நாலு மணி நேரம் சுகம். எட்டைத் தாண்டினால், அது பகலா இரவா என்று பார்க்க வேண்டும். பகல் எட்டு மணி நேரத்தை வேடிக்கை பார்த்தே கழித்துவிடலாம். நள்ளிரவு முதல் காலை வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

மூன்றாவது காற்று, அதைத் தனியாகச் சொல்கிறேன். நான்காவது விசா, பெட்டி, ஒரே டிக்கெட்டா தனித்தனி டிக்கெட்டா என்கிற சங்கதிகள். ஐந்தாவது, கடந்த சில ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்ட தலைவலி: எந்த நாடு தன் வானத்தை எப்போது விமானங்களுக்கு மூடும் என்பது.

விலையை இந்த வரிசையில் வைக்கவில்லை. அது நாளுக்கொரு தினுசாக மாறும். எட்டாயிரம் பத்தாயிரம் வித்தியாசத்துக்காக வழியை மாற்றியவர்கள், அந்தக் காசை வேறு வகையில் கொடுத்துவிட்டு வந்ததையே அதிகம் பார்த்திருக்கிறேன். மற்றதெல்லாம் சமமாக இருந்தால் மலிவானதை எடுங்கள், அவ்வளவுதான்.

## கிலோமீட்டர் கூடினால் நேரம் குறையுமா?

குறையும். ஏர் இந்தியா 2015 டிசம்பரில் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ இடைநில்லா விமானத்தைத் தொடங்கியபோது மேற்கே போய் அட்லாண்டிக் வழியாகப் பறந்தது. சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் அதைக் கிழக்கே திருப்பி பசிபிக் வழியாக விட்டார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆனது. அதாவது 1,400 கி.மீ. கூடுதல். ஆனால் பயணம் பதினாலரை மணி நேரத்தில் முடிந்தது; பழைய வழியைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவு.

நம்மில் பலர் "பூமி சுற்றுகிறதே, அதனால்தான்" என்பார்கள். பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுற்றுகிறது, அதனால் அந்தக் காரணம் நிற்காது. ஒன்பது முதல் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஒரு காற்றாறு இருக்கிறது. குளிர்காலத்தில், அதுவும் ஜப்பானைத் தாண்டி பசிபிக்கின் மேல், மணிக்கு 200 கி.மீ. வேகத்தைச் சாதாரணமாகத் தாண்டும். விமானம் அதன் முதுகில் ஏறிக்கொண்டால் தள்ளிக்கொண்டு போகும். எதிர்த்துப் போனால் ஆற்றில் எதிர்நீச்சல்.

இதனால் நம் பயணத்தில் ஒரு வேடிக்கை நடக்கிறது. போகும்போது வேகமான வழி, திரும்பும்போது மந்தமான வழியாகிவிடுகிறது. கீழே உள்ள பட்டியலில் அதைப் பாருங்கள். எல்லாம் தோராயம். காத்திருக்கும் நேரம் இதில் சேரவில்லை, வானில் இருக்கும் நேரம் மட்டும்.

| வழி | தூரம் (கி.மீ.) | மொத்தம் | போகும்போது (மணி) | திரும்பும்போது (மணி) |
|---|---|---|---|---|
| டெல்லி | 1,760 + 12,370 | 14,130 | 3 + 15½ | 16 + 3 |
| ஹாங்காங் | 3,700 + 11,100 | 14,800 | 5½ + 12½ | 14½ + 5¾ |
| துபாய் | 2,930 + 13,030 | 15,960 | 4¼ + 16 | 15¾ + 4 |
| சிங்கப்பூர் | 2,900 + 13,600 | 16,500 | 4¼ + 15¼ | 17 + 4¼ |
| ஃபிராங்க்ஃபர்ட் | 7,600 + 9,150 | 16,750 | 10 + 11½ | 11 + 9¼ |

தூரம் இரு நகரங்களுக்கும் இடையே உருண்டையின் மேல் நூல் பிடித்த அளவு. உண்மையில் விமானம் காற்றையும் மூடிய வானத்தையும் பார்த்து வளைந்து போகும், அதனால் சில நூறு கி.மீ. கூடும். நேரமும் பருவத்துக்கு ஏற்ப முக்கால் மணி, ஒரு மணி இப்படி அப்படி ஆகும்.

ஹாங்காங் வழியைப் பாருங்கள்: போகும்போது 18, வரும்போது 20-க்கு மேல். ஃபிராங்க்ஃபர்ட்டில் தலைகீழ்: போகும்போது 21½, வரும்போது 20¼. பசிபிக் வழியாகப் போய், திரும்பும்போதும் கிழக்கு நோக்கியே ஐரோப்பா வழியாக வந்தால் உலகத்தையே ஒரு சுற்று சுற்றியதாகவும் ஆயிற்று, இரண்டு தடவையும் காற்றின் முதுகில் வந்ததாகவும் ஆயிற்று. இதை ஒரே டிக்கெட்டில் போடவும் வாய்ப்புண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஜெர்மனியின் லுஃப்தான்சாவும் ஒரே கூட்டணி. ஹாங்காங்கின் கேத்தே பசிபிக்கும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் இன்னொரு கூட்டணி. சாதாரணமாக விலை கூடத்தான் வரும். ஆசைப்பட்டு ஒரு முறை கேட்டுப் பார்த்தேன், என் மனைவி ரசீதைப் பார்க்கும் முன்பே வேண்டாம் என்றுவிட்டாள்.

## துபாய், தோஹா: வளைகுடா வழி

சென்னையிலிருந்து துபாய்க்கு ஒரு நாளில் பல விமானங்கள். விடியற்காலையில் ஏறினால் காலையில் துபாய், இரண்டு மூன்று மணி நேரத்தில் அடுத்த விமானம், அதே நாள் பிற்பகலில் சான் பிரான்சிஸ்கோ. தாளில் இதைவிடச் சுத்தமான பயணம் கிடையாது. விமான நிலையத்தில் மலையாளமோ தமிழோ பேசுகிற ஊழியர் எப்படியும் கண்ணில் படுவார். தோஹாவிலிருந்தும் சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர் விமானம் உண்டு. கணக்கு ஏறத்தாழ இதேதான்.

விஷயம் அந்தப் பதினாறு மணி நேரத்தில் இருக்கிறது. முன்னால் திரையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஈரான், காஸ்பியன் கடல், ரஷ்யா, அப்புறம் திரை முழுக்க வெள்ளை. வட துருவத்தை ஒட்டிப் போகிற வழி. முதல் சாப்பாடு, ஒரு தூக்கம், ஒரு படம், இரண்டாவது தூக்கம் எல்லாம் முடித்து நிமிர்ந்து பார்த்தால் இன்னும் ஐந்தே முக்கால் மணி நேரம் பாக்கி. கழற்றிவைத்த செருப்பு காலுக்குள் போக மறுத்தது. பாதம் அவ்வளவு வீங்கியிருந்தது. நடு இருக்கையில் இருந்த என் மனைவி, ஓரத்து ஆளை எழுப்பக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். அதுதான் செய்யவே கூடாத காரியம். கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைகிற ஆபத்து, அசையாமல் இருந்தால் கூடும். ஓர இருக்கைக்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள். இந்த வழியில் அது ஆடம்பரம் அல்ல.

இன்னொன்று, வானம். 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வானத்தைச் சில மணி நேரம் மூடியது. அந்தச் சில மணி நேரத்தில் பல ஊர்களில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். வளைகுடாவில் பதற்றச் செய்தி வரும் மாதமாக இருந்தால் நான் வேறு வழி பார்ப்பேன்.

நாற்பது வயதுக்குள், உட்கார்ந்தபடியே தூங்குகிற வரம் பெற்றவர், ஒரு தடவை மட்டும் இறங்கி ஏறினால் போதும் என்கிறவர்: அவருக்கு இந்த வழி. நியூயார்க், சிகாகோ போகிறவர்களுக்கு ஓர் உபரித் தகவல்: அபுதாபியில் அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். 2014 முதல் இந்த வசதி உண்டு. அமெரிக்காவில் இறங்கியதும் உள்நாட்டுப் பயணி மாதிரி வெளியே வந்துவிடலாம்.

## ஃபிராங்க்ஃபர்ட், லண்டன்: பாதியில் உடையும் வழி

எங்கள் சம்பந்தி அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். "சம்பந்தி, பதினாறு மணி நேரம் ஒரே இடத்துல என்னால உக்கார முடியாது. ரெண்டா பிரிச்சுக் குடுங்க, எந்த ஊரா இருந்தாலும் சரி" என்றார். ஃபிராங்க்ஃபர்ட் வழியை எடுத்துக் கொடுத்தோம். பட்டியலிலேயே தூரம் அதிகம், போகும் நேரமும் அதிகம். ஆனால் எந்த விமானத்திலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டியதில்லை. சென்னையில் நள்ளிரவு தாண்டிக் கிளம்புவதால் முதல் பத்து மணி நேரத்தில் பாதி தூக்கத்தில் போய்விடும். இறங்குவது காலை. மூன்று நாலு மணி நேரம் கால் நீட்டி, முகம் கழுவி, மாத்திரை போட்டுக்கொண்டு அடுத்த விமானம்.

குறை இல்லாமல் இல்லை. ஃபிராங்க்ஃபர்ட்டில் நடை அதிகம். சில சமயம் விமானம் தூரத்தில் நிற்கும்; படிக்கட்டு இறங்கி பஸ்ஸில் கூட்டிப் போவார்கள். வீல்சேர் கேட்டிருந்தாலும் நாலைந்து பேரைச் சேர்த்துத்தான் அழைத்துப் போவார்கள், அதனால் காத்திருப்பு உண்டு. இங்கே மறுபடி பாதுகாப்புச் சோதனை வேறு. காபி விலையை ரூபாயில் மாற்றிப் பார்க்காதீர்கள்.

காகித விஷயம்: பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறிக்கொள்ளத் தனி டிரான்சிட் விசா தேவைப்படாது. பெற்றோருக்கு இதில் சிக்கல் வராது. சிக்கல் வருவது பிள்ளைகளுக்கு. அமெரிக்காவிலேயே விசா வகையை மாற்றிக்கொண்டு, பாஸ்போர்ட்டில் இருக்கும் முத்திரை காலாவதியாகிவிட்டவர்கள் ஊருக்குத் திரும்பும்போது ஐரோப்பிய வழியை எடுத்துவிட்டு, செக்-இன் கவுன்டரில் விழிக்கிறார்கள். நாட்டுக்கு நாடு விதி வேறு, அடிக்கடி மாறவும் செய்கிறது. டிக்கெட்டுக்கு முன்பே அந்த நாட்டுத் தூதரகப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

இந்த வழிக்கு ஒரு சட்டச் சலுகையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானம் விமான நிறுவனத்தின் தவறால் நெடுநேரம் தாமதமானால், பயணிக்கு ரொக்க இழப்பீடு கேட்கும் உரிமை இருக்கிறது. எந்த நாட்டுக்காரரும் கேட்கலாம்.

லண்டன் வழியும் கிட்டத்தட்ட இதே அமைப்பு: 8,240 + 8,610 கி.மீ. இன்னும் சரிபாதி. அங்கே ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டி வருமா என்பதை மட்டும் டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுபதைத் தாண்டியவர், மூட்டுவலிக்காரர், கைக்குழந்தையோடு போகிறவர் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். திரும்பி வரும் பயணத்துக்கு யாராக இருந்தாலும் இதற்குத்தான்.

## சிங்கப்பூர்

நிம்மதி என்று ஒன்று இருந்தால் அது சாங்கி விமான நிலையத்தில் நடந்து போகும்போது வருவது. தரைவிரிப்பு, அமைதி, தெளிவான பலகைகள். அந்த நாட்டின் நாலு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. ஆங்கிலம் வராத பெரியவர் திணறினால் உதவ ஆள் கிடைக்கும். இரவு சென்னையில் ஏறி, காலையில் இறங்கி, அங்கேயே இட்லியோ தோசையோ தேடிப் பிடித்துவிட்டு அடுத்த விமானம்.

போகும்போது ஒரு விசித்திரம். கோடையில் சிங்கப்பூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் 15 மணி நேர வித்தியாசம். பறக்கும் நேரமும் 15 சொச்சம். காலை ஒன்பது மணிக்கு ஏறினால், அதே தேதியில் காலை ஒன்பது ஒன்பதரைக்கு இறங்குகிறீர்கள். கடிகாரம் நகரவே இல்லை, உடம்புக்கு மட்டும் ஒரு நாள் வயதாகிவிட்டது!

திரும்பும்போது அதற்கெல்லாம் சேர்த்து வசூலித்துவிடும்: எதிர்காற்றில் 17 மணி நேரம், ஒரே விமானத்தில். பெரியவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். வழியில் ஊர் பார்க்க ஆசை என்றால், அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியர்களைச் சில நிபந்தனைகளோடு 96 மணி நேரம் வரை சிங்கப்பூரில் விசா இல்லாமல் அனுமதிக்கிறார்கள். இரண்டு நாள் சிராங்கூன் ரோடு பக்கம் தங்கிவிட்டுப் போகலாம். அப்போது 17 மணி நேரம்கூட மறந்துபோகும்.

## ஹாங்காங்

போகும் பயணத்துக்கு, வெறும் எண்ணை மட்டும் பார்த்தால், இதுதான் ராஜா. நூல் வழியைவிட 900 கி.மீ. மட்டுமே சுற்று. நீளமான விமானமே பன்னிரண்டரை மணி நேரம்தான். ஜனவரியில் காற்று பலமாக இருந்தால் பன்னிரண்டுக்கும் கீழே வரும். ஏறிய நேரத்துக்கு முன்பே இறங்குவீர்கள், கடிகாரத்தின்படி.

பிறகு ஏன் எல்லோரும் இதில் போவதில்லை? கேத்தே பசிபிக் 2024 பிப்ரவரியில்தான் சென்னைக்குத் திரும்பி வந்தது. வளைகுடா அளவுக்கு விமானங்கள் இல்லை. நமக்கு வேண்டிய தேதியில் இணைப்பு ஒத்துவராமல் இடைத்தங்கல் பத்து மணி நேரம் என்று காட்டினால் மொத்த லாபமும் போயிற்று. விமான நிலையத்துக்குள்ளேயே மாறிக்கொள்ள விசா வேண்டாம். ஆனால் வெளியே போய் வர இந்திய பாஸ்போர்ட்காரர்கள் தங்கள் வருகையை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. டிக்கெட் எடுத்ததும் சாப்பாட்டு வகையில் ஏவிஎம்எல் என்று போடுங்கள். சினிமா கம்பெனி பெயர் இல்லை, ஆசிய சைவ உணவுக்கான குறியீடு. விஜிஎம்எல் என்று போட்டால் உப்பு உறைப்பு இல்லாத வேகவைத்த காய்கறி வந்து நிற்கும். இது எல்லா வழிக்கும் பொருந்தும், இந்த வழிக்கு ரொம்பவே.

## டெல்லி, பெங்களூரு: நம் ஊர் வழியே

தூரக் கணக்கில் மிகக் குறைவு. மொழிப் பிரச்சினை இல்லை, வெளிநாட்டு மண்ணில் மாட்டிக்கொள்ளும் பயமும் இல்லை. முதல் முறை போகிற பலர் இதையே நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் கெட்டேன்.

சர்வதேச டிக்கெட்டை டெல்லியிலிருந்து எடுத்துவிட்டு, சென்னை – டெல்லிக்கு வேறொரு நிறுவனத்தில் தனியாக மலிவு டிக்கெட் போட்டேன். டிசம்பர் கடைசி வாரம். டெல்லியில் பனிமூட்டம், சென்னையிலேயே நான்கு மணி நேரம் உட்காரவைத்தார்கள். பெரிய விமானம் நாங்கள் இல்லாமல் போய்விட்டது. இரண்டு டிக்கெட்டும் தனித்தனி என்பதால் முதல் நிறுவனத்துக்கும் பொறுப்பில்லை, இரண்டாவதற்கும் பொறுப்பில்லை. புது டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தில் இன்னொரு தடவை சிங்கப்பூர் போய் வந்திருக்கலாம். அதற்கு முன்பே சென்னைக் கவுன்டரில், உள்நாட்டு டிக்கெட்டில் ஆளுக்கு 15 கிலோதான் என்று சொல்லி, 23 கிலோ பெட்டிகள் நான்குக்கும் கூடுதல் எடைக்குப் பணம் கட்டியாயிற்று. ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் அந்தப் பெட்டிகளுக்கு ஒரு காசு கேட்டிருக்க மாட்டார்கள்.

வானச் சிக்கல் இங்கேயும் உண்டு. 2025 ஏப்ரல் முதல் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியதால், டெல்லியிலிருந்து மேற்கே போகிறவையும் வருகிறவையும் சுற்றத் தொடங்கின. வட அமெரிக்க விமானங்கள் சில எரிபொருளுக்காக ஐரோப்பாவில் இறங்கி ஏறின. இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது. ரஷ்ய வானம் அமெரிக்க விமானங்களுக்கு மூடியதால் அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனத்தால், சான் பிரான்சிஸ்கோ – பெங்களூரு விமானத்தை அறிவித்தும் தொடங்கவே முடியவில்லை. அதே தடத்தில் ஏர் இந்தியா 2021 ஜனவரியில் பெண் விமானிகளை மட்டும் வைத்து வட துருவத்தின் மேல் பறந்து வந்து காட்டியது. சுமார் 14,000 கி.மீ., 17 மணி நேரம். இந்தத் தடங்களில் அட்டவணை அடிக்கடி மாறுவதால், எடுக்கிற வாரத்தில் இருப்பதை மட்டும் நம்புங்கள். பெங்களூரு என்றால் இன்னொன்று: ரயிலில் போய் இறங்கினாலும் விமான நிலையம் தேவனஹள்ளியில், ஊருக்கு வெளியே வெகுதூரம். பெட்டிகளோடு டாக்ஸி, ஊர் நெரிசல், இரண்டையும் கணக்கில் சேருங்கள்.

ஒரே டிக்கெட், ஒரே நிறுவனம், டிசம்பர் – ஜனவரி இல்லாத மாதம், குறைந்தது நான்கு மணி நேர இடைத்தங்கல்: இத்தனையும் அமைந்தால் டெல்லி நல்ல வழிதான். திரும்பும்போது டெல்லியிலேயே குடியேற்றம், சுங்கம் முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் பெற்றோரிடம் சொல்லி அனுப்புங்கள்.

## எந்த வழியானாலும்

இடைத்தங்கல் ஊரில் பாதுகாப்புச் சோதனை மறுபடி உண்டு என்பதால் தொக்கு, ஊறுகாய், நெய் எதையும் கைப்பையில் வைக்காதீர்கள். என் மனைவி ஒரு பாட்டில் மாங்காய்த் தொக்கை அப்படி ஒரு தட்டில் விட்டுவிட்டு வந்தாள். அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அமெரிக்கா போகும் விமானங்களில் கைப்பையில் 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தாலும் தனியாகச் சோதிப்பார்கள். சாம்பார்ப் பொடி பெரிய பெட்டிக்குள் போகட்டும். பச்சைக் கறிவேப்பிலையை எந்தப் பெட்டியிலும் வைக்க வேண்டாம். அங்கே தடை.

இன்சுலின் போடுகிறவர்கள் கிளம்பும் முன் மருத்துவரிடம் நேர அட்டவணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோடையில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் பதிமூன்றரை மணி நேர வித்தியாசம் என்பதால் பகல் அப்படியே இரவாகிவிடும். கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் அதில் மாற்றமில்லை. இதை வைத்து வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

தஞ்சாவூர்க்காரருக்கு நான் எழுதிய பதில் இது: உங்கள் அப்பாவுக்கு சர்க்கரை இருக்கிறது என்கிறீர்கள், அம்மாவுக்கு முட்டிவலி. ஃபிராங்க்ஃபர்ட் வழி, ஒரே டிக்கெட், நான்கு மணி நேர இடைத்தங்கல், இரண்டு பேருக்கும் வீல்சேர், அப்பாவுக்கு ஓர இருக்கை. துபாய் டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் இதையே எடுங்கள். வீல்சேர் வேண்டாம், நான் நன்றாக நடப்பேன் என்று அப்பா சொல்வார். எல்லா அப்பாக்களும் சொல்வார்கள். கேட்காமல் போட்டுவிடுங்கள்.